கம்பளி நூலும் சிவப்பு விளக்கும்

எங்கள் கிளைடரின் கண்ணாடி மூடிக்கு வெளியே, விமானியின் மூக்குக்கு நேராக, நான்கு விரல்கடை நீளத்துக்கு ஒரு சிவப்புக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். ஒரு துண்டு டேப்தான் அதைப் பிடித்திருக்கிறது. நூல் நேராகப் பின்னோக்கிப் படிந்து கிடந்தால் விமானம் காற்றுக்கு நேராகப் போகிறது. ஒரு பக்கம் ஒதுங்கினால் உடம்பு கோணிக்கொண்டு போகிறது, காலால் திருத்த வேண்டும். 1902-இல் ரைட் சகோதரர்கள் தங்கள் கிளைடரில் ஒரு நூலைக் கட்டி இதே வேலையை வாங்கினார்கள். பல்லாயிரம் யூரோவுக்குக் கருவிகள் பொருத்திய இன்றைய போட்டிக் கிளைடரிலும் அந்த நூல் இருக்கிறது.

நூலுக்குக் கீழே, கருவிப் பலகையில், மற்றதெல்லாம் மாறிவிட்டது. மாற்றத்தோடு சேர்ந்து செலவும் வந்தது. தெற்கு ஜெர்மனியில் ஸ்வேபிய ஆல்ப் மலைச்சரிவை ஒட்டிய ஒரு சிறிய புல்தரை ஓடுதளம் எங்களுடையது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், தச்சர் ஒருவர், நான் என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு எல்எஸ்4 கிளைடர் வைத்திருக்கிறோம். 1980-இல் முதலில் பறந்த வடிவம் அது. ஆயிரத்துக்கும் மேல் செய்து விற்றார்கள், அதனால் பழையது கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. குளிர்காலத்தில் பறப்பது குறைவு. கொட்டகையில் பழுது பார்ப்போம், கணக்குப் போடுவோம். கடந்த குளிர்காலத்துக் கணக்கு காக்பிட் கருவிகளைப் பற்றியது. கையிலிருக்கும் பணத்துக்கு எதை முதலில் வாங்குவது என்று மூவரும் மூன்று வாரம் பேசினோம். அந்தப் பேச்சில் எனக்குத் தெளிந்ததை எழுதி வைக்கத் தோன்றியது.

கொட்டகையின் மூலையில் கிளப்பின் பழைய கா 8 நிற்கிறது. ருடால்ஃப் கைசர் வடிவமைத்து 1957-இல் முதலில் பறந்த, எஃகுக் குழாய் உடலும் மர இறக்கையும் துணிப் போர்வையும் கொண்ட கிளைடர். அதன் பலகையில் உயரமானி, வேகமானி, வேரியோமீட்டர், திசைகாட்டி என்று வட்ட முகங்கள் நான்கே. மின்கம்பி ஒன்றுகூட இல்லை. எஞ்சின் இல்லாத விமானத்துக்கு இவற்றில் உயிர்நாடி வேரியோமீட்டர்தான். வெயிலில் சூடான நிலத்திலிருந்து மேலெழும் ஏறுகாற்றில் பருந்து வட்டமிடுவதுபோல வட்டமிட்டுத்தான் கிளைடர் உயரம் சேர்க்கிறது. ஆனால் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதை உடம்பு நம்பும்படிச் சொல்லாது. பருந்துக்குத் தெரிவது நமக்குத் தெரிவதில்லை, வேரியோமீட்டர்தான் சொல்ல வேண்டும். பலூன்காரர்கள் வைத்திருந்த இந்தக் கருவியைக் கிளைடருக்குக் கொண்டுவரும் யோசனை அலெக்சாண்டர் லிப்பிஷுடையது. 1928-இல் ராபர்ட் க்ரோன்ஃபெல்ட் அதை வைத்துப் பறந்தார். மறு ஆண்டே 100 கிலோமீட்டருக்கு மேல் பறந்து காட்டினார். அதுவரை மலைச்சரிவில் மோதி எழும் காற்றை நம்பிச் சரிவை விட்டு விலகாமல் பறந்தவர்கள், அதன்பின் சமவெளிக்கு மேலே துணிந்து போனார்கள்.

எங்கள் ஆசிரியர் அலமாரியில் ஒரு பழைய ஆங்கிலேய வேரியோமீட்டரைப் பத்திரமாக வைத்திருக்கிறார். முள் கிடையாது. மேலே போகப் போக விரியும் இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றில் பச்சைக் குண்டு, மற்றதில் சிவப்புக் குண்டு. பின்னாலிருந்து ஒரு ரப்பர் குழாய் ஒரு பிளாஸ்க்குக்குப் போகிறது, நாம் வெந்நீர் ஊற்றி வைக்கும் அதே மாதிரியான பிளாஸ்க். உயரம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பிளாஸ்க்கில் அடைபட்ட காற்று குழாய் வழியே வெளியே ஓடும், ஓடும் காற்று பச்சைக் குண்டைத் தூக்கும். இறங்கும்போது காற்று உள்ளே ஓடும், சிவப்பு எழும். பிளாஸ்க்குக்குப் பதில் ஒரு சாதாரண பாட்டிலை மாட்டி, அதை இரண்டு உள்ளங்கைக்குள் பொத்திப் பிடிக்கச் சொன்னார் அவர். கைச்சூடு பட்டதும் பச்சைக் குண்டு மெல்ல எழுந்து குழாயின் நடுவில் நின்று நடுங்கியது. தரையில் நின்றபடி நான் ஏறிக்கொண்டிருப்பதாகக் கருவி சொன்னது. பிளாஸ்க் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. வெயில் பட்டால் பொய் சொல்லிவிடும் என்பதால் வெப்பம் புகாத ஜாடியில் காற்றை அடைத்திருக்கிறார்கள். மின்சாரம் இல்லாமல், சிப் இல்லாமல், இவ்வளவு நுட்பம்! அந்தக் குண்டின் நடுக்கத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அன்றைய விமானி மற்றக் கணக்கெல்லாம் மனத்தாலும் கையாலும் போட்டார். அமெரிக்கரான பால் மெக்கிரெடி, எவ்வளவு வலுவான ஏறுகாற்று எதிர்பார்க்கிறோமோ அதற்கேற்ப இடையில் எவ்வளவு வேகம் பறக்கலாம் என்பதைக் கணக்கிட்டு, வேரியோமீட்டர் முகத்தைச் சுற்றித் திருப்பும் ஒரு வளையமாக அதை ஆக்கினார். 1956-இல் பிரான்சின் செயின்ட்-யான் ஊரில் உலகச் சாம்பியன் ஆனார். மடியில் காகித வரைபடம், பென்சில் கோடுகள், வீடு போய்ச் சேர உயரம் போதுமா என்று பார்க்க வட்டமான ஒரு பிளாஸ்டிக் கணக்குச் சட்டம். பறந்ததற்குச் சாட்சி, புகை படிந்த தகட்டில் ஊசி கீறும் கடிகார உருளையும் திருப்புமுனைகளில் எடுத்த புகைப்படமும்.

மோதல்? அதற்குக் கண்தான் கருவி. கழுத்தைத் திருப்பிக்கொண்டே இரு என்பார்கள். விதிகளும் இருந்தன, இன்றும் அவைதான். முதலில் வந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அந்தப் பக்கமே பின்னால் வருபவரும் சுற்ற வேண்டும். மலைச்சரிவில் எதிரெதிரே வந்தால், மலை வலப்பக்கம் இருப்பவருக்கு ஒதுங்க இடமில்லை, ஆகவே மற்றவர்தான் விலக வேண்டும். இவை நல்ல விதிகள். ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டோம் என்றால் போதுமானவை.

அந்தக் காலத்தில் பார்ப்பது எளிதாகவும் இருந்தது. மரக் கிளைடர்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கண்ணைப் பறித்தன. மெதுவாகவும் பறந்தன. மணிக்கு 75 கிலோமீட்டரில் இரண்டு கிளைடர்கள் நேருக்கு நேர் வந்தால், ஒரு கிலோமீட்டர் இடைவெளி தீர 24 நொடி ஆகும். நிதானமாக விலகிக் கை காட்டிவிட்டுப் போக நேரமுண்டு.

இந்த நிலைமையை மாற்றியது எங்கள் ஊருக்குப் பக்கத்து ஸ்டுட்கார்ட்தான் என்பதில் உள்ளூர்க்காரர்களுக்குப் பெருமை. 1957 நவம்பரில் அங்கே எஃப்எஸ் 24 ஃபீனிக்ஸ் பறந்தது, கண்ணாடியிழையால் செய்த முதல் கிளைடர். மரத்தில் வராத வழவழப்பு அதில் வந்தது. கா 8 ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 27 கிலோமீட்டர் தூரம் சறுக்கும். இன்றைய 18 மீட்டர் இறக்கைக் கிளைடர்கள் 50-ஐத் தாண்டுகின்றன. வேகமும் அதற்கேற்ப. ஆனால் இழையைப் பிணைக்கும் பிசின் வெயிலில் சூடேறினால் இளகிவிடும். அதனால் கிளைடர்களுக்கு வெள்ளை பூசினார்கள். வானத்தில் வெள்ளை மேகத்துக்கு முன்னால், வெள்ளைப் பனிமலைக்கு முன்னால், வெள்ளைக் கிளைடர். அதுவும் எதிரே வரும்போது முகப்பு அறுபது சென்டிமீட்டர் அகலம், இறக்கை ஒரு கோடு.

இதன் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஆல்ப்ஸ் மலைமுகடுகளை ஒட்டி மணிக்கு 200 கிலோமீட்டரில் பறப்பது இன்று சாதாரணம். இருவர் எதிரெதிரே வந்தால் நொடிக்கு 111 மீட்டர் நெருங்குகிறார்கள். ஒரு பொருளைக் கண்ணில் கண்டு, விமானம் என்று உணர்ந்து, மோதப் போகிறது என்று முடிவுசெய்து, கையை அசைத்து, விமானம் திரும்புவதற்கு மொத்தம் 12.5 நொடி ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சுற்றறிக்கை சொல்கிறது. அப்படியானால் ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே பார்த்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் ஒரு கிளைடரின் முகப்பு, நீட்டிய கையில் பிடித்த குண்டூசியின் தலை அளவுகூட இருக்காது. இன்னொரு கொடுமையும் உண்டு. மோதும் பாதையில் வரும் விமானம் நம் கண்ணாடியில் இடம் மாறாது. ஒரே புள்ளியில் நின்று, கடைசி சில நொடியில் திடீரென்று பெருக்கும். அசைவதைப் பிடிக்கப் பழகிய கண் அசையாததைத் தவறவிடுகிறது. அதனால்தான் மோதல் விபத்துகளில் சிக்கியவர்களைப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

பெரிய விமானங்களுக்கு இதற்கு விடை எப்போதோ வந்துவிட்டது: தன்னை வானொலியில் அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டரும், அதைக் கேட்டு விலகச் சொல்லும் கருவியும். அது கிளைடருக்குப் பொருந்தவில்லை. விலை ஒரு காரணம், மின்சாரம் இன்னொரு காரணம். கிளைடரில் எஞ்சின் இல்லை, ஆகவே மின்சாரம் உற்பத்தி செய்ய எதுவும் இல்லை. காலையில் ஏற்றி வைத்த பேட்டரிதான் மாலை வரை. 7 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து கருவிகளெல்லாம் சேர்ந்து ஓர் ஆம்பியர் இழுத்தால் ஏழு மணி நேரம், உயரத்துக் குளிரில் அதுவும் வராது. 2006 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மிண்டன் அருகே, சுமார் 16,000 அடி உயரத்தில், ஒரு ஹாக்கர் ஜெட்டும் ஒரு ஏஎஸ்ஜி 29 கிளைடரும் மோதின. கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்த அதை அணைத்து வைத்திருந்தார் விமானி. நல்லவேளை, அவர் பாராசூட்டில் இறங்கினார், ஜெட் சக்கரம் இறங்காமலே கார்சன் சிட்டியில் வயிற்றால் இறங்கியது, எல்லோரும் பிழைத்தார்கள். எங்கள் பேச்சில் தச்சர் ஒவ்வொரு கருவிக்கும் முதலில் கேட்டது விலையை அல்ல, எத்தனை மில்லி ஆம்பியர் என்பதைத்தான். அவர் கேட்டது சரி.

கிளைடருக்கென்றே விடை கண்டவர்கள் கிளைடர் விமானிகள். ஆல்ப்ஸில் உயிர் பறித்த சில மோதல்களுக்குப் பிறகு, 2004-இல் சுவிட்சர்லாந்தில் உர்ஸ் ரோட்டாகர், ஆண்ட்ரியா ஷ்லப்பாக் என்ற இருவர் ஃபிளார்ம் என்ற சிறு பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அதன் எண்ணம் எளிமையானது. ஒவ்வொரு பெட்டியிலும் ஜிபிஎஸ் இருக்கிறது, அழுத்தமானி இருக்கிறது, தன் இடம் அதற்குத் தெரியும். அடுத்த சில நொடிகளில் தான் எந்த வளைவில் போகப் போகிறேன் என்பதையும் கணித்து, நொடிக்கொரு முறை வானொலியில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஐரோப்பாவில் கார் சாவி போன்ற சின்னச் சின்னக் கருவிகளுக்கென்று உரிமம் இல்லாமல் விட்டிருக்கும் 868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், மிகக் குறைந்த சக்தியில். பக்கத்தில் உள்ள பெட்டிகளின் பேச்சைக் கேட்டு, அவற்றின் வளைவும் தன் வளைவும் சந்திக்குமா என்று பார்க்கிறது. சந்திக்கும் என்றால் மட்டும் கத்துகிறது. ஒரே ஏறுகாற்றில் ஆறேழு பேர் நூறு மீட்டர் இடைவெளியில் சுற்றுவது கிளைடர்காரர்களின் அன்றாடம். பெரிய விமானத்துக் கருவியை அங்கே வைத்தால் ஓயாமல் அலறும். ஃபிளார்முக்கு வட்டமிடுவது என்றால் என்னவென்று தெரியும்.

பழைய பெட்டியின் முகம் இப்போதும் எனக்குப் பிடித்தது. திரை கிடையாது. வட்டமாகச் சில சிறு விளக்குகள், ஓரத்தில் மேலும் கீழுமாகச் சில. யாராவது பக்கத்தில் இருந்தால் அந்தத் திசை விளக்கு பச்சையாக எரியும். ஆபத்து என்றால் சிவப்பு, கூடவே பீப் ஒலி. மோதலுக்கு ஏறத்தாழ 18 நொடிக்குள் முதல் எச்சரிக்கை, எட்டு நொடிக்குள் வந்துவிட்டால் ஒலியும் விளக்கும் வெறிபிடித்ததுபோலத் துடிக்கும். எந்தப் பக்கம் விலகு என்று அது சொல்லாது. எங்கே பார் என்று மட்டும் சொல்லும். அது போதும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண், தெரியாத கண்ணைவிட எட்டு மடங்கு திறமையாகத் தேடுகிறது என்று ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்புப் புலனாய்வு அலுவலகம் 1991-இல் வெளியிட்ட அறிக்கையில் எடுத்துக்காட்டியிருக்கிறது. ஆல்ப்ஸில் பள்ளத்தாக்குகளுக்குக் குறுக்கே தொங்கும் கேபிள்களையும் மின்கம்பிகளையும்கூட அந்தப் பெட்டி தன் நினைவில் வைத்து எச்சரிக்கிறது. இன்று 50,000-க்கும் மேற்பட்ட விமானங்களில் ஃபிளார்ம் இருக்கிறது. ஐரோப்பாவின் பல போட்டிகளில் அது இல்லாமல் பறக்கவே விட மாட்டார்கள்.

விலை விஷயத்தில் வேடிக்கையான ஒரு பிளவு நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் பணக்காரர்களுக்கு மட்டும் வாய்த்தது இன்று கிட்டத்தட்ட இலவசம். ஆனால் எல்லோருக்கும் அவசியமான மோதல் எச்சரிக்கைக் கருவிதான் இன்னும் விலை இறங்கவில்லை.

இலவசமானது பறப்புக் கணினி. வரைபடம், எல்லை தாண்டக்கூடாத வான்பகுதிகள், காற்றின் வேகம், வீடு சேர உயரம் போதுமா என்ற கணக்கு எல்லாம் ஒரே திரையில். தொண்ணூறுகளில் இதற்குக் கொடுத்த பணத்தில் ஒரு பழைய கார் வாங்கலாம். 2005-இல் மைக் ராபர்ட்ஸ் தன் எக்ஸ்சி-சோர் மென்பொருளின் மூலநிரலைப் பொதுவுக்குத் திறந்துவிட்டார். உலகெங்கும் உள்ள விமானிகள் சேர்ந்து அதை வளர்த்தார்கள். முதலில் ஐபேக் போன்ற கைக்கணினிகளில் ஓடியது, அவை வெயிலில் கண்ணுக்கே தெரியாது. பிறகு ஆண்ட்ராய்டு போன்களில் வந்தது. பிறகு யாரோ ஒரு புத்திசாலி அதைக் கோபோ மின்நூல் வாசிப்பானில் ஓட வைத்தார். கதை படிக்கச் செய்த கருவி! அதன் திரை காகிதம் போன்றது, வெயில் கூடக்கூடத் தெளிவாகத் தெரியும், பேட்டரியையும் அதிகம் தின்னாது. எங்கள் தச்சர் பழைய கோபோ ஒன்றைச் சந்தையில் சொற்ப விலைக்கு வாங்கி, மரச்சட்டம் இழைத்து, பலகையில் பதித்திருக்கிறார். கறுப்பு வெள்ளையில் எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் அதில் தெரிகிறது.

ஆனால் கோபோவுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, உள்ளே ஜிபிஎஸ் இல்லை. யாராவது சொல்ல வேண்டும். ஃபிளார்ம் பெட்டி ஒரு கம்பி வழியே அதைச் சொல்லும். இடம், உயரம், பக்கத்து விமானங்கள் எல்லாம் சொல்லும். பல மாடல்கள் பறப்புப் பதிவையும் தாமே வைத்துக்கொள்ளும், பழைய புகைத்தகட்டின் வேலையை. எங்கள் விவாதம் இந்த இடத்தில்தான் முடிவுக்கு வந்தது. ஆசிரியருக்கு வண்ணத்திரை போட்ட புதிய மின்னணு வேரியோமீட்டர் மேல் ஆசை. அது நல்ல கருவி, விலை சில ஆயிரம் யூரோ. எங்கள் பழைய முள் வேரியோமீட்டர் இன்னும் உண்மை சொல்கிறது. அதை வைத்துக்கொண்டு, ஒலி எழுப்பும் எளிய வேரியோ ஒன்றை மட்டும் சேர்க்கலாம். கண்ணை உள்ளே இழுக்காமல் காதால் ஏற்ற இறக்கம் தெரிந்துகொள்வது மோதலுக்கும் நல்ல மருந்து. பெரிய தொகை ஃபிளார்முக்கு, அதுவும் பெரிய விமானங்களின் டிரான்ஸ்பாண்டரையும் கேட்கக்கூடிய பிந்தைய மாடலுக்கு. அடுத்தது பேட்டரி: பழைய ஈயப் பேட்டரி இருந்த அதே இடத்தில் பொருந்தும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, எடை பாதிக்கும் குறைவு, தாங்கும் நேரம் அதிகம். மீதிக்குக் கோபோவும் மரச்சட்டமும்.

இதைவிட மலிவாக முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. கிளப்புகளுக்கு வேறு செலவுகளும் வந்துகொண்டே இருக்கின்றன. வானொலி அலைவரிசைகளை நெருக்கி அடுக்கும் ஐரோப்பியச் சட்டத்தால் 2018-க்குள் நன்றாக வேலை செய்த ரேடியோக்களையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. பலருடைய சேமிப்பு அதில் போயிற்று. அதனால் வீட்டில் கட்டிய கருவிகள் முளைத்தன. பிரிட்டனில் ராஸ்பெரி பை குட்டிக் கணினியை வைத்துப் பைலட்-அவேர் வந்தது. லினார் யூசுபோவ் எழுதிய சாஃப்ட்-ஆர்எஃப் மென்பொருளை உள்ளங்கை அளவு மலிவான வானொலிப் பலகையில் ஏற்றினால் அதுவும் இடம் சொல்லும், கேட்கும். தரையில் டிவி பார்க்க விற்ற யுஎஸ்பி குச்சியையும் ராஸ்பெரி பையையும் இணைத்து, கிளைடர்களின் பேச்சைக் கேட்டு வரைபடத்தில் காட்டும் ஓப்பன் கிளைடர் நெட்வொர்க்கை ஆர்வலர்கள் ஐரோப்பா முழுக்க விரித்திருக்கிறார்கள். எங்கள் கொட்டகைக் கூரையிலும் ஒன்று இருக்கிறது. மாலையில் ஒருவர் திரும்பி வராவிட்டால் கடைசியாக எங்கே இருந்தார் என்று தேட அது உதவுகிறது. இந்த மனிதர்கள்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை.

ஆயினும் மோதல் எச்சரிக்கை என்பது தனியாக வைத்துப் பயன்படும் பொருள் இல்லை. கோபோவை நான் மட்டும் வைத்திருந்தாலே எனக்குப் பயன். ஃபிளார்மை நான் மட்டும் வைத்திருந்தால் அது வெறும் பெட்டி. எதிரே வருபவரும் அதே மொழி பேச வேண்டும். அந்த மொழியை நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது. பாதுகாப்புக்கும் அந்தரங்கத்துக்கும் அது தேவை என்கிறார்கள். போட்டிகளில் தன் இடத்தைப் பிறர் பார்த்துப் பின்தொடராமல் மறைக்கும் வசதியும் இருக்கிறது. காரணங்களை ஒப்புக்கொள்கிறேன், பூட்டை ஒப்புக்கொள்ளவில்லை. உயிர் காக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். 2015 மார்ச் மாதத்துக்குள் எல்லோரும் புது மென்பொருளுக்கு மாறியாக வேண்டியிருந்தது. மாறாத பெட்டி மற்றவற்றோடு பேச முடியாமல் போனது. பிரிட்டனில் பைலட்-அவேர் வைத்திருப்பவர் ஃபிளார்ம் கிளைடரை நேராகக் கேட்க முடியாது, தரை நிலையம் ஒன்று இடையில் நின்று சொன்னால்தான் உண்டு. ஒரே வானத்தில் பல மொழி. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2022-இல் ஏடிஎஸ்-எல் என்ற திறந்த வரையறையை வெளியிட்டது, அதே குறைந்த சக்தியில், யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதாக. பிரிட்டிஷ் அரசு 2020-இல் இப்படிப்பட்ட கருவி வாங்குபவருக்குப் பாதி விலையை, 250 பவுண்டு வரை, திருப்பித் தந்தது. இவை இரண்டும்தான் சரியான திசை. அந்தத் திறந்த மொழி எங்கும் பரவும்வரை எங்கள் மலையில் பறப்பவர்கள் பேசுவது ஃபிளார்ம் மொழி என்பதால் நாங்களும் அதையே வாங்கினோம். வீட்டில் கட்டிய பலகையை வைத்துக்கொண்டு மற்றவர்க்குத் தெரிகிறோம் என்று நம்பிப் பறக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. போனில் ஓடும் செயலிகள் அதைவிட மோசம். மலைமடிப்பில் செல்போன் கோபுரம் கண்ணாமூச்சி ஆடும்.

வாங்கினால் மட்டும் போதாது என்பதை எங்கள் முந்தைய கிளைடர் கற்றுத்தந்தது. அதில் பழைய ஃபிளார்ம் ஒன்று இருந்தது, பச்சை விளக்கு எரியும், நாங்கள் நிம்மதியாகப் பறந்தோம். இரண்டு கோடை கழிந்தபிறகு ஒரு நாள் பறப்புப் பதிவை, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் வரை கேட்கிறது என்று ஆராயும் நிரலில் போட்டுப் பார்த்தேன். பின்பக்கமும் பக்கவாட்டும் நன்றாக இருந்தன. முன்பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆன்டெனாவைப் பலகைக்கு அடியில், உலோகத் தகட்டுக்கும் திசைகாட்டிக்கும் பின்னால் சொருகியிருந்தார்கள். அந்தக் கிளைடரின் மூக்கில் கார்பன் இழை வேறு. கார்பன் மின்சாரம் கடத்தும், வானொலி அலையை மறைத்துவிடும். எதிரே வருபவருக்கு எங்கள் குரல் போகவே இல்லை. இரண்டு கோடை. எத்தனை மலைமுகடுகளில் எத்தனை பேரை எதிர்கொண்டிருப்போம் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. ஆன்டெனாவைப் பலகையின் மேல்விளிம்புக்கு, கண்ணாடிக்குக் கீழே திறந்த இடத்துக்கு மாற்ற அரை மணி நேரம் ஆயிற்று, செலவு ஒரு துண்டுக் கம்பியும் இரண்டு திருகும். எல்எஸ்4 முழுக்கக் கண்ணாடியிழை, அலை ஊடுருவும். இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அந்த ஆராய்ச்சியையும் செய்துவிடுவது என்று பெட்டியின் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். பழைய பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்: மென்பொருள் காலாவதியா, ஆன்டெனா எங்கே.

ஏப்ரல் கடைசியில் புதுப் பலகையோடு முதன்முறை பறந்தேன். மேகங்கள் வரிசையாகக் கட்டியிருந்த நாள். மலைமுகட்டிலிருந்து விலகி அடுத்த மேகத்துக்கடியில் போய்ச்சேர்ந்தபோது ஒலி வேரியோ குரலை உயர்த்தியது, இடப்பக்கம் திருப்பலாம் என்று இறக்கையைச் சாய்க்கப் போனேன். பீப். வலப்பக்கம், இரண்டு மணித் திசை, சற்று மேலே, சிவப்பு. அந்தப் பக்கம் பார்த்தேன், மேகத்தின் வெள்ளைச் சுவர் தவிர ஒன்றும் இல்லை. சாய்க்காமல் நேராகப் பிடித்துக்கொண்டு அதே இடத்தையே பார்த்தேன். வெள்ளையிலிருந்து ஒரு கோடு பிரிந்தது. கோடு சாய்ந்து இறக்கையாயிற்று, இறக்கையின் கீழ்ப்பக்கம் வெயிலில் பளிச்சென்று மின்னியது. அவர் வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார், எனக்கு முன்னாலேயே அங்கே இருந்திருக்கிறார். அவருடைய வட்டத்துக்கு வெளியே அகலமாகச் சுற்றி வந்து, எதிர்ப்பக்கத்தில், நானும் வலப்பக்கமாகச் சாய்த்தேன். விளக்கு பச்சைக்கு மாறியது. அவருடைய கண்ணாடிக்குள் ஒரு வெள்ளைத் தொப்பி என் பக்கம் திரும்பியது, ஒரு கை உயர்ந்தது. நானும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மூக்குக்கு நேரே பார்த்தேன். திருப்பிய அவசரத்தில் சிவப்பு நூல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. காலால் திருத்தினேன்.